பிரேமிந்திர சிங் பகத்

போர்க்களத்து வீரம் ஒரே தன்மையதன்று. பகைவரைக் கண்டவுடன் குருதி கொதிக்க முன்னே பாய்வது ஒருவகை வீரம். அது கணப்பொழுதில் தோன்றிக் கணப்பொழுதில் தன் வேலையை முடித்துக்கொள்வது. மற்றொரு வகையும் உண்டு. எதிரே பகைவன் ஒருவனும் காணப்படமாட்டான். பாதையோ அமைதியாகக் கிடக்கும். ஆயினும் அப்பாதையின் மண்ணுக்குள் மரணம் புதைந்து கிடப்பதை அறிந்தவன் மண்டியிட்டு அமர்ந்து, விரல் நடுங்காமல், அதனைத் தோண்டி வெளியே எடுக்க வேண்டும். ஒன்றை எடுத்தபின் அடுத்ததைத் தேட வேண்டும். இவ்வாறு ஒருநாளன்று, நான்கு நாட்கள் இடைவிடாது பணி செய்தவர் ஓர் இந்திய இளைஞர். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. பிரேமிந்திர சிங் பகத் என்பது அவர் பெயர்.

பகத், 1918ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 14ஆம் நாள் கோரக்பூரில் பிறந்தார். தந்தையார் சுரேந்திர சிங் பகத், ஐக்கிய மாகாண அரசாங்கத்தில் பொறியாளராகப் பணியாற்றியவர். ஆகவே, பாலமும் சாலையும் கால்வாயும் பற்றிய பேச்சு அவ்வில்லத்திற்குப் புதியதன்று. ஆனால், இல்லத்து இன்பம் அச்சிறுவருக்கு நெடுநாள் வாய்க்கவில்லை. ஒன்பதாம் வயதிலேயே அன்னையை இழந்தார். 1930ஆம் ஆண்டில் டேராடூனிலிருந்த இராணுவப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். அங்கிருந்து, 1937ஆம் ஆண்டில், அந்நகரிலேயே இருந்த இந்திய இராணுவக் கழகத்தில் பயிற்சி பெறச் சென்றார். மறு ஆண்டே தந்தையாரும் குதிரையேற்றத்தில் நேர்ந்த விபத்தொன்றில் காலமானார்.

இராணுவக் கழகத்தைப் பற்றி இங்கு ஒரு சொல் சொல்லுதல் தகும். இந்தியச் சேனையில் போர்வீரர்கள் இந்தியராக இருந்தபோதிலும், அவர்களுக்கு ஆணையிடும் அதிகாரிகள் நெடுங்காலம் ஆங்கிலேயராகவே இருந்தனர். முதல் உலகப்போர் முடியும் தறுவாயிலேதான் ஒருசில இந்தியருக்கு அதிகாரிப் பதவியின் கதவு திறந்தது. அவர்களும் பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றாக வேண்டும். 1932ஆம் ஆண்டில் டேராடூன் கழகம் தோன்றிய பின்னரே இந்திய இளைஞர் தம் நாட்டிலிருந்தே அதிகாரியாகும் வழி ஏற்பட்டது. பகத் அவ்வழியே வந்த முதல் தலைமுறையினர். கழகத்தில் அவர் புத்தகப் புழுவாக இருந்தவரல்லர். டென்னிஸ் ஆட்டத்தில் தேர்ந்தவர். ஆற்றல் உண்டு, ஆனால் கவனம் போதாது என்பதே ஆசிரியர்கள் அவரைப்பற்றிக் கொண்டிருந்த கருத்து. பின்னாளில் ஓர் அங்குல நிலத்தையும் கவனியாது விட்டால் உயிர் போகும் என்ற பணியில் பெயர் பெற்றவர் அவரே என்பது விந்தையன்றோ?

1939ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15ஆம் நாள், அவர் பம்பாய்ச் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் என்னும் பொறியாளர் படையில் இரண்டாம் லெப்டினன்டாக அமர்த்தப்பட்டார். அதன் தலைமையிடம் பூனாவை அடுத்த கிர்க்கி. இத்தகைய பழம்பெரும் பொறியாளர் படைகள் இந்தியாவில் மூன்று இருந்தன. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டதும் தமிழர் பலர் சேர்ந்து புகழ் வளர்த்ததுமான சென்னைச் சாப்பர் படை அவற்றுள் ஒன்று. ரூர்க்கியில் இருந்த வங்காளச் சாப்பர் படை மற்றொன்று.

பொறியாளர் படையினரின் வேலை என்ன? சேனை முன்னேறும்போது அதற்கு வழியமைப்பது அவர்கள் வேலை. ஆற்றுக்குப் பாலமும், சேற்றுக்குச் சாலையும், பாலைக்குக் கிணறும் அவர்களே அமைத்தாக வேண்டும். சேனை பின்வாங்கும்போதோ, தாம் அமைத்த பாலத்தைத் தாமே தகர்த்துப் பகைவர் தொடராதவாறு தடுக்க வேண்டும். ஆகையால், முன்னேறும் படைக்கு முன்னே செல்பவரும், பின்வாங்கும் படைக்குப் பின்னே நிற்பவரும் இவர்களே. மண்வெட்டியும் துப்பாக்கியும் இவர்கள் தோளில் ஒருங்கே இருக்கும்.

பகத் பதவியேற்று ஐம்பது நாட்கள் கழிந்தன. செப்டம்பர் 3ஆம் நாள் பிரிட்டன் செர்மனியின்மீது போர் தொடுத்தது. மறு ஆண்டு சூன் 10ஆம் நாள் இத்தாலியும் செர்மனியோடு சேர்ந்து போரில் இறங்கியது. அதனால் போர் ஆப்பிரிக்காவுக்குப் பரவிற்று. அபிசீனியா என்று அக்காலத்தில் வழங்கிய எத்தியோப்பியாவை இத்தாலியர் 1935ஆம் ஆண்டில் தாக்கி, அடுத்த ஆண்டு மே மாதத்தில் அதன் தலைநகரைக் கைப்பற்றினர். பேரரசர் ஹெய்லி செலாசி நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. அங்கும் அண்டை நாடுகளிலும் இத்தாலியின் படையினர் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். அண்டையிலிருந்த சூடானைக் காத்த பிரிட்டிஷ் படையோ மிகச் சிறியது. 1940ஆம் ஆண்டு சூலைத் தொடக்கத்தில் எல்லையிலுள்ள கசலா என்னும் நகரையும், கல்லாபாத் என்னும் கோட்டையையும் இத்தாலியர் பிடித்துக்கொண்டனர். சூடானுக்குத் துணையாக இந்தியாவின் ஐந்தாவது டிவிஷன் கப்பலேறிற்று. செப்டம்பரில் அது சூடானை அடைந்தது. பகத் இருந்த 21ஆவது பீல்டு கம்பெனி என்னும் பொறியாளர் பிரிவும் அதனோடு சென்றது.

இங்கே ஒன்றை நாம் மறத்தலாகாது. அதே ஆண்டு அக்டோபரில் இந்தியாவில் தனிநபர் சத்தியாக்கிரகம் தொடங்கியது. தங்களைக் கேளாமலே இந்தியாவைப் போரில் ஈடுபடுத்திய ஆட்சியை எதிர்த்து நாட்டுத் தலைவர் பலர் சிறை புகுந்துகொண்டிருந்தனர். அவ்வேளையில் இந்திய வீரர்களோ, தம் நாடு அடிமைப்பட்டிருக்கும்போதே, அடிமைப்பட்ட மற்றொரு நாட்டை மீட்கும் போரில் நின்றனர். வரலாறு சில வேளைகளில் இவ்வாறு முரண்பட்ட கோலங்களைக் காட்டுகிறது. அதற்காக அவ்வீரர்களின் உழைப்பைக் குறைத்து மதிப்பது நேர்மையாகாது.

கல்லாபாத் சூடானின் எல்லைக்குள் இருப்பது. மெத்தெம்மா எத்தியோப்பிய எல்லைக்குள் இருப்பது. இரண்டுக்கும் இடையே கிடப்பது ஒரு வறண்ட ஓடை. 1940ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள், பின்னர் பர்மாப் போரில் பெரும்புகழ் எய்திய வில்லியம் ஸ்லிம் தலைமையில் ஒரு பிரிகேட் கல்லாபாத்தைத் தாக்கிப் பிடித்தது. ஆனால், மெத்தெம்மாவை நெருங்க இயலவில்லை. டாங்கிகள் பல பாறைகளிலும் கண்ணிவெடிகளிலும் சிக்கிப் பழுதாயின. இத்தாலிய விமானங்கள் அலையலையாக வந்து குண்டுமாரி பொழிந்தன. ஸ்லிம் பின்வாங்குமாறு ஆணையிட்டார்.

பின்வாங்கும்போது பகைவர் தொடர்ந்துவரும் வழியை அடைக்கும் பொறுப்பு பகத்திடம் விடப்பட்டது. பழுதான இரண்டு டாங்கிகளுக்குள் வெடிமருந்தை நிரப்பி, சாலையின் மதகொன்றில் அவற்றை நிறுத்தி வெடிக்கச் செய்வது ஏற்பாடு. ஒன்று வெடித்தது, மற்றொன்று வெடிக்கவில்லை. பகைவரோ நெருங்கிவிட்டனர். பகத் தாம் மறைந்திருந்த இடத்தைவிட்டு ஓடினார். குண்டுகள் பாயும் வெளியைக் கடந்து, எஞ்சிய மருந்துக்குத் தாமே தீமூட்டி, மதகைத் தகர்த்தார். வெடியாமல் நின்ற வெடிமருந்தை அணுகுவது எத்துணை ஆபத்தானது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அது தாமதித்து எக்கணமும் வெடிக்கலாம். இச்செயலுக்காக மிலிட்டரி கிராஸ் என்னும் விருது அவருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. எனினும், அறிக்கையில் பெயரைக் குறிப்பிடும் சிறிய மரியாதையே அவருக்குக் கிடைத்தது.

குளிர்காலம் அவ்வெல்லையில் ஒருவரையொருவர் நோக்கிக் காத்திருப்பதில் கழிந்தது. 1941ஆம் ஆண்டு சனவரி இறுதியில் இத்தாலியர் மெத்தெம்மாவைக் கைவிட்டு, கொண்டார் என்னும் பழைய நகரை நோக்கிப் பின்வாங்கினர். அவர்களை இளைப்பாறவிடாமல் துரத்த வேண்டும். சனவரி 31ஆம் நாள் இரவு மெத்தெம்மா கைவசமாயிற்று. விரைவாகச் செல்லக்கூடிய ஒரு படை உடனே கொண்டார்ச் சாலையில் புறப்பட்டது. ஆயினும் பின்வாங்கியவர்கள் வெறுமனே செல்லவில்லை. சாலையெங்கும் கண்ணிவெடிகளைப் புதைத்துவிட்டே சென்றிருந்தனர்.

கண்ணிவெடியை அறியாதவருக்கு அதன் கொடுமை விளங்காது. வெடிமருந்து நிரம்பிய ஒரு பெட்டி. அதன் மேல்மூடி சிறிது அழுந்தினால் உள்ளிருக்கும் விசை தூண்டப்பட்டு மருந்து வெடிக்கும். வண்டிகளை அழிக்க வைக்கும் வெடி, மனிதன் காலடி வைத்தால் பெரும்பாலும் வெடிப்பதில்லை. பாரவண்டியின் சக்கரம் ஏறியவுடன் வெடித்துச் சிதறும். மண்ணுக்கு அடியில் உலோகம் இருப்பதை ஒலியால் காட்டும் கைக்கருவிகள் அப்போது களத்திற்கு வரவில்லை. அவை பரவலாக வழங்கியது 1942ஆம் ஆண்டின் இறுதியில் நடந்த எல் அலமெய்ன் போரிலேதான். ஆகவே, கண்ணும் கையுமே கருவிகள். மண்ணின் நிறம் சிறிது மாறியிருக்கிறதா, மேற்பரப்பு புதிதாகக் கிளறப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐயம் தோன்றிய இடத்தில் துப்பாக்கி முனைக் கத்தியைச் செங்குத்தாகக் குத்தாமல் சாய்வாகச் செலுத்த வேண்டும். செங்குத்தாகக் குத்தினால் மேல்மூடி அழுந்திவிடும். சாய்வாகச் செலுத்தினால் பெட்டியின் பக்கம் தட்டுப்படும். பின்பு மண்ணைக் கையால் விலக்கி, அடியில் வேறு வெடி பிணைக்கப்பட்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்து, விசையைக் கழற்ற வேண்டும். விரைந்து செய்யக்கூடாத வேலை இது. அன்று பகத்திடம் இதனை விரைந்து செய்யுமாறு கேட்கப்பட்டது. ஏனெனில், அவர் ஒரு நாழிகை தாமதித்தால் பின்னே வரும் படை முழுவதும் ஒரு நாழிகை தாமதிக்கும். தப்பியோடும் பகைவருக்கு அது ஒரு நாழிகை ஆதாயம்.

படையின் முன்னே சென்றது பிரென் காரியர் என்னும் சிறு வண்டி. சங்கிலிப் பட்டையில் ஓடும் அவ்வண்டிக்கு மெல்லிய இரும்புக் கவசம் உண்டு, மேலே திறந்திருக்கும். துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும் அக்கவசம் கண்ணிவெடிக்கு எம்மாத்திரம்? வரிசையில் முதலாவதாகச் செல்லும் வண்டியிலேயே பகத் அமர்ந்தார். விடியற்காலையில் தொடங்கிய வேலை அந்தி சாயும்வரை நீளும். வெடிப்புலம் ஒன்றைக் கண்டால் வண்டியினின்று இறங்குவார். தம் வீரர்களைக்கொண்டு அதனை அகற்றச் செய்வார். மீண்டும் ஏறிச் செல்வார்.

எல்லா வெடிகளும் கண்ணுக்குப் புலப்பட்டுவிடுமா? ஒருமுறை அவர் சென்ற வண்டியே வெடியின்மீது ஏறியது. வண்டி நொறுங்கியது, உடனிருந்தோர் அடிபட்டு வீழ்ந்தனர். பகத் தப்பினார். வேறொரு வண்டியில் ஏறிப் பணியைத் தொடர்ந்தார். இரண்டாம் முறையும் அவ்வாறே நேர்ந்தது. மீண்டும் உடனிருந்தோர் பாதிக்கப்பட்டனர். மூன்றாம் முறை ஆபத்து வேறு உருவில் வந்தது. மறைந்திருந்த பகைவர் மிக அருகிலிருந்து திடீரெனச் சுட்டனர். அந்த நெருப்புக்கிடையிலும் அவர் தம் வேலையை நிறுத்தவில்லை. வெடியின் அதிர்ச்சியால் ஒரு செவிப்பறை கிழிந்துவிட்டது. உறக்கமின்றி, உணவு நேரமின்றி உடல் ஓய்ந்துபோயிற்று.

அவருக்கு ஓய்வு கொடுத்து, வேறோர் அதிகாரியை அனுப்ப மேலதிகாரிகள் முன்வந்தனர். பகத் அதற்கு இசையவில்லை. அவர் கூறிய காரணம் எண்ணத்தக்கது. பகைவர் வெடிகளைப் புதைக்கும் முறை இத்தனை நாளில் தமக்குப் பழகிவிட்டதென்றும், புதிதாக வருபவர் அதனை முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கும் என்றும், ஆகவே முடிவுவரை தொடரத் தாமே தகுதியுடையவர் என்றும் அவர் கருதினார். இதில் வீரப் பேச்சு சிறிதுமில்லை. ஒரு பொறியாளர் தம் வேலையைக் கணக்கிட்டுக் கூறிய விடை இது. புதியவர் ஒருவர் அவ்விடத்தில் கற்றுக்கொள்வதென்றால், அக்கல்விக்கு விலை யாருடைய உயிர் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

நான்கு நாட்கள், ஐம்பத்தைந்து மைல், பதினைந்து வெடிப்புலங்கள். இது முடிந்தபின்னரே அவர் மருத்துவமனைக்குச் செல்ல உடன்பட்டார்.

1941ஆம் ஆண்டு சூன் 10ஆம் நாள் அவருக்கு விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டதாக அரசிதழ் அறிவித்தது. இத்தாலி போரில் இறங்கிச் சரியாக ஓராண்டு நிறைந்த நாள் அது. அவ்விருது 1856ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்டது. வெண்கலத்தால் ஆன சிறு சிலுவை அது. அதன் உலோகத்தின் விலை சொற்பமே. பெருமையில் அதற்கு மேற்பட்ட விருது பிரிட்டிஷ் சேனையில் இல்லை. அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்தியப் போர்வீரர் அதனைப் பெறும் உரிமையே இல்லாதிருந்தனர். 1911ஆம் ஆண்டில்தான் அத்தடை நீங்கியது. இரண்டாம் உலகப்போரில் அதனை முதன்முதல் பெற்ற இந்தியர் பகத் ஆவார். அதனைப் பெற்ற முதல் இந்திய அதிகாரியும் அவரே. அவர் வழி திறந்த அந்நாடும் அவ்வாண்டு மே 5ஆம் நாளிலேயே தன் பேரரசரை மீண்டும் தலைநகரில் கண்டது. கொண்டார் மட்டும் நவம்பர் இறுதிவரை பணியாது நின்றது.

மெத்தெம்மாச் சாலையோடு வாழ்க்கை முடிந்துவிட்டதாக எண்ணி, பதக்கத்தைக் காட்டிக்கொண்டே காலம் கழித்தவர் பலர் உலகில் உண்டு. பகத் அத்தகையவரல்லர். நாடு விடுதலை பெற்றபின், கிர்க்கியில் தம் பழைய பொறியாளர் படைக்கே தளபதியாகி, புதிய சேனைக்கு வேண்டிய பொறியாளர்களைப் பயிற்றுவித்தார். பின்பு காலாட்படைப் பிரிகேட் ஒன்றுக்குத் தலைமை பூண்டார். இராணுவ உளவுத்துறையின் இயக்குநராக இருந்தார். 1962ஆம் ஆண்டில், தாம் மாணவராக நுழைந்த டேராடூன் கழகத்திற்கே தலைவராக வந்தார்.

அவ்வாண்டின் இறுதியில் சீனப்போர் மூண்டது. வடகிழக்கு எல்லையில் நம் படைகள் தோல்வியுற்றன. அத்தோல்வியின் காரணங்களை ஆராய லெப்டினன்ட் செனரல் ஹெண்டர்சன் புரூக்சும் பகத்தும் அமர்த்தப்பட்டனர். தாம் பணிபுரியும் சேனையின் குறைகளைத் தாமே எடுத்துரைப்பது இனிய வேலையன்று. அதுவும் ஒருவகையில் மண்ணுக்குள் மறைந்து கிடப்பதைத் தோண்டியெடுக்கும் வேலையே. 1963ஆம் ஆண்டில் அவர்கள் தந்த அறிக்கையை அரசாங்கம் பல பத்தாண்டுகள் மறைபொருளாகவே வைத்திருந்தது. 2014ஆம் ஆண்டில்தான் அதன் ஒரு பகுதி வெளியே வந்தது. நாட்டின் பாதுகாப்பைப்பற்றி ஆங்கிலத்தில் நூல்களும் பகத் எழுதினார்.

1970ஆம் ஆண்டில் லக்னோவிலிருந்த மத்தியப் பகுதிச் சேனைக்கு அவர் தலைவரானார். மறு ஆண்டு கோமதி ஆறு பெருகி நகருக்குள் புகுந்தபோது, உடைப்பை அடைக்கும் பணியில் சேனையினரை அவர் முன்னின்று நடத்தினார். பழைய பொறியாளர் அவருள் உறங்கிவிடவில்லை போலும்.

அவருடைய பிற்கால வாழ்வில் குறிப்பிடத்தக்க நாள் 1972ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள். முந்திய ஆண்டுப் போருக்குப்பின் இந்தியாவும் பாகிஸ்தானும் சிம்லாவில் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி காஷ்மீரில் இரு படைகளும் நிற்கும் இடங்களை வரையறுத்து, ஒரு கோட்டை வரைபடத்தில் குறிக்க வேண்டும். உதம்பூரில் புதிதாக அமைந்த வடக்குப் பகுதிச் சேனையின் தலைவராக இருந்த பகத் இந்தியாவின் சார்பிலும், லெப்டினன்ட் செனரல் அப்துல் ஹமீது கான் பாகிஸ்தானின் சார்பிலும் பன்முறை கூடிப் பேசினர். மலைமுகடு, ஓடை, வயல் என்று அடியடியாக நிலத்தை ஆராய்ந்து வரைய வேண்டியிருந்தது. தாக்கோ சக் என்னும் ஒரு சிற்றூர் யாரிடம் இருப்பது என்ற கேள்வி மட்டும் பல வாரங்கள் பேச்சை முடியவிடாமல் தடுத்தது. இரு நாட்டுத் தலைமைத் தளபதிகளும் சந்தித்து அதனைத் தீர்த்த பின்னரே, சுசேத்கர் என்னும் எல்லை ஊரில், அந்நாளில், இருவரும் வரைபடங்களில் கையொப்பமிட்டனர்.

சேனையின் தலைமைப் பதவி அவரை வந்தடையும் என்று பலர் எதிர்பார்த்தனர். ஆனால், அப்பதவியிலிருந்த செனரல் பேவூரின் காலம் நீட்டிக்கப்பட்டது. அதனால் 1974ஆம் ஆண்டில் பகத் ஓய்வு பெற வேண்டியதாயிற்று. அவ்வாண்டு சூலையிலேயே அரசாங்கம் அவரைத் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகத்தின் தலைவராக்கியது. அணைகளும் அனல்மின் நிலையங்களும் கொண்ட அக்கழகமே பீகார், வங்காளப் பகுதிகளின் சுரங்கங்களுக்கும் எஃகு ஆலைகளுக்கும் மின்சாரம் தந்துவந்தது. அக்காலத்தில் அதன் உற்பத்தி வெகுவாகக் குன்றி, ஆலைகள் தவித்தன. பகத் மின் நிலையங்களுக்கு நேரில் சென்றார். நின்றுபோன எந்திரங்களைப் பழுதுபார்க்கச் செய்தார். பணியாளரோடு கலந்து பழகினார். சில மாதங்களிலேயே உற்பத்தி பன்மடங்கு உயர்ந்தது.

அவ்வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, 1975ஆம் ஆண்டு மே 23ஆம் நாள், கல்கத்தாவில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தாறு. டேராடூன் இராணுவக் கழகத்தில் பயிலும் மாணவர்கள் பிரிக்கப்பட்டுள்ள பட்டாளங்களுள் ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. அதன் ஒரு பிரிவுக்குக் கெரன் என்று பெயர். அது, அவர் கண்ணிவெடிகளை அகற்றிய அதே ஆண்டில், அதே ஆப்பிரிக்கப் போர்முனையில், இந்தியப் படைகள் வென்ற மலைக்கோட்டையின் பெயர்.